கோபுரத்து வானொலியும் கோளத்து வானொலியும்

கேள்வி கேட்டவர் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்து, இப்போது பட்டணத்தில் ஆசிரியராக இருக்கும் ஓர் இளைஞர். இங்கிலாந்திலிருந்து வந்த ரீகண்டிஷன் (செப்பனிட்ட பழைய) கார் ஒன்றை அண்மையில் வாங்கியிருக்கிறார். அதன் வானொலியில் எஃப்எம், ஏஎம் பொத்தான்களுக்குப் பக்கத்தில் டி.ஏ.பி. என்றொரு பொத்தானும் இருக்கிறது. அதை அழுத்தினால் நெடுநேரம் தேடிவிட்டு, நிலையம் எதுவும் கிடைக்கவில்லை என்று திரையில் காட்டுகிறது. அமெரிக்காவில் வாழும் அவருடைய அத்தை மகனோ, தன் காரில் துணைக்கோள் (செயற்கைக்கோள்) வானொலி கேட்பதாகவும், எத்தனை மைல் ஓட்டினாலும் அது விட்டுப்போவதில்லை என்றும் சொல்லியிருக்கிறார். இரண்டும் ஒன்றுதானா, கார் வானொலி பழுதா, அந்தத் துணைக்கோள் பெட்டியை வரவழைத்து மாட்டினால் லிந்தாங் ஊர்ப் பக்கம் போகும்போதும் தமிழ் வானொலி விடாமல் கேட்குமா என்பவை அவருடைய கேள்விகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்தப் பட்டணத்தில் வானொலிப் பெட்டிகளைப் பழுது பார்த்தும், வீட்டுக் கூரைகளில் துணைக்கோள் தட்டு மாட்டியும் வருபவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் கார் வானொலியில் பழுது இல்லை. டி.ஏ.பி. என்பதும் துணைக்கோள் வானொலி என்பதும் வேறு வேறு. இரண்டில் எதுவும் உங்களை லிந்தாங் சாலையில் தமிழ்ப் பாட்டுக் கேட்க வைக்காது. ஏன் என்று சொல்வதற்கு முன், இரண்டுக்கும் பொதுவான ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: இரண்டுமே இலக்கவியல் (டிஜிட்டல்) ஒலிபரப்புகள்.

எஃப்எம் ஒலிபரப்பில் பாடகரின் குரல் ஏறி இறங்குவதற்கேற்ப அலையின் அதிர்வெண்ணும் ஏறி இறங்குகிறது. இலக்கவியல் ஒலிபரப்பில் அந்தக் குரல் முதலில் எண்களாக மாற்றப்பட்டு, காதுக்குத் தெரியாத பகுதிகள் நீக்கப்பட்டுச் சுருக்கப்பட்டு, வழியில் சில எண்கள் தொலைந்தாலும் பெட்டி தானே கணக்கிட்டு நிரப்பிக்கொள்ளும் வகையில் கூடுதல் எண்களும் சேர்த்து அனுப்பப்படுகிறது. இதனால் ஏற்படும் மாற்றத்தைக் காரில் போகிறவர் உடனே உணர்வார். எஃப்எம் அலை குறையும்போது கடுகு தாளிப்பதுபோல் ஓர் இரைச்சல் மெல்ல எழும். பாட்டு அதற்குள்ளிருந்து தலைகாட்டிக்கொண்டே இருக்கும். பழகிய காது பொறுத்துக்கொள்ளும். இலக்கவியல் ஒலியில் அந்த இடைநிலை இல்லை. கடைசி வரை தெளிவாக இருக்கும். பிறகு நீருக்குள் பேசுவதுபோல் ஓரிரு நொடி குழறும். அதன்பின் முழு அமைதி. தரையிலுள்ள கோபுரத்திலிருந்து வந்தாலும் கோளத்திலிருந்து, அதாவது வானிலுள்ள துணைக்கோளிலிருந்து, வந்தாலும் இந்தக் குணம் மாறுவதில்லை. ஆகவே இரண்டில் எது தெளிவானது என்று கேட்பதைவிட, அலை எங்கிருந்து புறப்படுகிறது, இடையில் எது மறைக்கும், அதற்கான செலவை யார் கொடுக்கிறார்கள் என்று கேட்பதுதான் பயன் தரும்.

டி.ஏ.பி. (டிஜிட்டல் ஆடியோ பிராட்காஸ்டிங்) நிலத்திலிருந்து வருவது. 1987-இல் யுரேகா 147 என்ற ஐரோப்பியக் கூட்டுத் திட்டமாகத் தொடங்கி, 1995 செப்டம்பரில் பிபிசி இதில் ஒலிபரப்பத் தொடங்கியது. எஃப்எம்மில் நிலையத்துக்கு ஓர் அதிர்வெண். டி.ஏ.பி.யில் பல நிலையங்கள் ஒரே வண்டியில் ஏறிய பயணிகள்போல, 1.536 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே தொகுப்பில் சேர்ந்து வருகின்றன. ஒரு தொகுப்பு ஏறத்தாழ 1,150 கிலோபிட் (இலக்கவியல் தகவலை அளக்கும் அலகு) அளவுள்ள ஒலியை ஒரு நொடியில் சுமக்கும். ஒவ்வொரு நிலையத்துக்கும் 128 கிலோபிட் கொடுத்தால் 9 நிலையங்கள் ஏறும். 2007-இல் வந்த டி.ஏ.பி. பிளஸ் முறையில் ஒலியை இன்னும் திறமையாகச் சுருக்க முடிவதால், 64 கிலோபிட் வீதம் கொடுத்து அதே வண்டியில் 18 நிலையங்களை ஏற்றலாம். பேராசை பிடித்தவர்கள் இன்னும் நெருக்கி ஏற்றுவார்கள். அப்போது பாட்டு தகரக் குழாயிலிருந்து வருவதுபோல் ஆகிவிடும். இங்கிலாந்தில் பல நிலையங்கள் ஒலியின் தரத்தைக் குறைத்தே கூட்டத்தைச் சேர்த்தன என்பது பழைய வழக்கு.

எனக்கு டி.ஏ.பி.யில் பிடித்தது அதன் எதிரொலிக் கணக்கு. எஃப்எம்மில் கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், மலையில் பட்டுத் திரும்பிச் சற்றுத் தாமதமாக வரும் அலையும் ஒன்றோடொன்று மோதி ஒலியைக் கெடுக்கும். ஈப்போவுக்கும் கோலகங்சாருக்கும் இடையே மலைகளை ஒட்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு, ஒரு வளைவில் கலைந்து அடுத்த வளைவில் சேரும் பாட்டு புதிதல்ல. டி.ஏ.பி. ஒவ்வொரு துணுக்குச் செய்திக்கும் பிறகு 246 மைக்ரோநொடி காத்திருக்கிறது. அந்த நேரத்தில் அலை ஏறத்தாழ 74 கிலோமீட்டர் போய்விடும் என்பதால், அந்தத் தொலைவுக்குள் சுற்றிவரும் எதிரொலிகள் கெடுதல் செய்வதில்லை. பெட்டி அவற்றையும் சேர்த்துக்கொண்டு பலம் பெறுகிறது. ஆகவே வெவ்வேறு மலைகளில் நிற்கும் பல கோபுரங்கள் ஒரே அதிர்வெண்ணில், ஒரே நேரத்தில் ஒலிபரப்பலாம். கிளேடாங் மலையில் ஒன்று, பள்ளத்தாக்கின் மறுபுறம் சிறியதாக ஒன்று என்று வைத்தால், இடையில் ஓடும் கார் எதையும் மாற்றித் தேட வேண்டியதில்லை. மலையும் கடல் நுழைந்த பள்ளத்தாக்குமாக இருக்கும் நார்வே நாடு 2017-இல் தேசிய நிலையங்களின் எஃப்எம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டு இந்த முறைக்கு மாறியதற்கு, அந்த நிலத்தில் எஃப்எம் கோபுரங்களைப் பராமரிக்கும் செலவும் ஒரு காரணம். அங்கும் சிறிய ஊர் நிலையங்கள் பல எஃப்எம்மிலேயே தங்கிவிட்டன என்பதையும் கவனிக்க வேண்டும்.

ஆனால் கோபுரம் வைத்தால்தான் அலை வரும். நம் பக்கத்து நாடான சிங்கப்பூரில் 1999-இல் டி.ஏ.பி. தொடங்கி, கேட்போர் போதாமல் 2011-இல் நிறுத்தப்பட்டது. நம் பேராக்கில் கார்களுக்காக டி.ஏ.பி. ஒலிபரப்பும் கோபுரம் இல்லை. உங்கள் பொத்தான் தேடுவது 174 முதல் 240 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டை. பழைய அனலாக் தொலைக்காட்சி இருந்த பகுதி. 2019 அக்டோபரோடு நாடு முழுவதும் அனலாக் தொலைக்காட்சி நிறுத்தப்பட்ட பிறகு, உங்கள் கார் காலியான வீட்டுக் கதவைத்தான் தட்டிக்கொண்டிருக்கிறது.

அமெரிக்கர்கள் உள்ளூர் இலக்கவியல் வானொலிக்கு வேறு வழியைத் தேர்ந்தார்கள். எச்.டி. ரேடியோ என்ற அந்த முறைக்கு 2002-இல் அனுமதி கிடைத்தது. புதிய பட்டை எதுவும் எடுக்காமல், ஏற்கனவே உள்ள எஃப்எம் நிலையத்தின் அலைக்கு இருபுறமும் மெல்லிய கரை வைத்துத் தைப்பதுபோல் இலக்கவியல் அலையைச் சேர்த்தார்கள். வசதி என்னவென்றால், இலக்கவியல் ஒலி அறுந்தால் பெட்டி அதே நிலையத்தின் சாதாரண எஃப்எம்முக்குத் தானாக வழுக்கிவிடும். குறை என்னவென்றால், அந்தக் கரைகளுக்குத் தொடக்கத்தில் எஃப்எம் அலையின் ஆற்றலில் நூற்றில் ஒரு பங்குதான் அனுமதிக்கப்பட்டது. 2010-இல்தான் பத்தில் ஒரு பங்கு வரை உயர்த்தலாம் என்றார்கள். ஆகவே எஃப்எம் எட்டும் தொலைவு வரை அது எட்டுவதில்லை. டி.ஏ.பி.யைப் போலவே இதற்கும் சந்தா கிடையாது.

இனி உங்கள் அத்தை மகனின் வானொலி. அங்கே எக்ஸ்எம் என்ற நிறுவனம் 2001 செப்டம்பரிலும், சிரியஸ் என்ற நிறுவனம் 2002-இலும் சேவை தொடங்கின. தொடக்கத்தில் முன்னதன் மாதச் சந்தா 9.99 டாலர், பின்னதன் சந்தா 12.95 டாலர். இரண்டும் ஆளுக்கு நூறு அலைவரிசைகளோடு போட்டியிட்டு, கடன் ஏறி, 2008-இல் ஒரே நிறுவனமாக இணைந்தன. இன்று 3 கோடிக்கும் மேற்பட்ட சந்தாக்கள் இருக்கின்றன. எக்ஸ்எம் தன் கோள்களை நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியோடு சேர்ந்து சுற்றும்படி நிறுத்தியது. சிரியஸ் மூன்று கோள்களை நீள்வட்டப் பாதையில் சுற்றவிட்டது. அமெரிக்கா வடக்கே இருப்பதால் நிலநடுக்கோட்டுக் கோள்கள் அங்கே தெற்குத் திசையில் சாய்ந்து தெரியும். ஓர் உயரமான கட்டடம் போதும் மறைக்க. நீள்வட்டத்தில் வரும் கோள் அந்த நாட்டின் தலைக்கு மேலே நீண்ட நேரம் தங்கும். இரு நிறுவனங்களும் நகரங்களில் தரைக்கோபுரங்களையும் வைத்துத் துணைக்கோளின் நிகழ்ச்சிகளை மறுஒலிபரப்புச் செய்தன. கோளம் மட்டும் போதுமென்று யாரும் இருக்கவில்லை.

அந்த அலை விட்டுப்போவதில்லை என்று உங்கள் அத்தை மகன் சொன்னது முக்கால் உண்மை. ஒரே நிகழ்ச்சியை இருமுறை, ஏறத்தாழ 4 நொடி இடைவெளியில் அனுப்பி, பெட்டி அதைச் சேமித்து வைத்துக்கொள்வதால், மேம்பாலத்தின் அடியில் புகுந்து வெளிவரும் கார் எதையும் இழப்பதில்லை. நம் நெடுஞ்சாலையில் மலையைக் குடைந்து போகும் மேனோரா குகையை நினைத்துப் பாருங்கள். நீளம் ஏறத்தாழ 800 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 36 நொடி ஆகும். நான்கு நொடிச் சேமிப்பு அங்கே என்ன செய்யும்? உள்ளே தனியாகக் கருவி வைத்தாலொழிய, கோபுரமானாலும் கோளமானாலும் மலையின் வயிற்றுக்குள் அலை புகாது.

ஒலியின் தரத்தில் துணைக்கோள் வானொலி முன்னால் நிற்கும் என்று பலர் நம்புகிறார்கள். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. எக்ஸ்எம்மின் கோள்கள் சுமந்தது நொடிக்கு ஏறத்தாழ 4 மெகாபிட். அதை நூறு அலைவரிசைகளுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்குச் சராசரி 40 கிலோபிட். எச்.டி. ரேடியோவில் ஒரு நிலையத்திடம் மட்டும் ஏறத்தாழ 100 கிலோபிட் இருக்கிறது. நாதஸ்வரத்தின் கூர்மையையும் தாளத்தின் தெறிப்பையும் விரும்பும் காதுக்கு, உள்ளூர் இலக்கவியல் வானொலிதான் பொதுவாக நன்றாக இருக்கும். துணைக்கோள் தருவது தரமல்ல, பரப்பும் வகைகளும்தான். ஒரு கண்டம் முழுவதும் ஒரே பாட்டு ஒரே அலைவரிசையில், நடுவில் விளம்பரம் இல்லாமல், கேட்கும் ஆசை எவ்வளவு சிறிய கூட்டத்துக்கு இருந்தாலும் அதற்கென்று ஓர் இடத்தோடு.

என் பார்வையில் இரண்டையும் பிரிப்பது இன்னொன்று. அமெரிக்காவில் துணைக்கோள் நிறுவனத்தின் தரைக்கோபுரம் அந்த ஊருக்கென்று தனி நிகழ்ச்சி ஒலிபரப்பக் கூடாது என்பது சட்டத்தின் நிபந்தனை. கோளம் சொன்னதைத்தான் அது திருப்பிச் சொல்லலாம். உள்ளூர் வானொலி நிலையங்கள் தங்கள் பிழைப்பைக் காக்கப் போராடியதன் விளைவு அது. 2004-இல் நகரங்களின் போக்குவரத்து நெரிசலைச் சொல்ல எக்ஸ்எம் விரும்பியபோது, ஒரு நகரத்தின் நெரிசலை நாடு முழுவதுக்கும் கேட்கும்படி கோளத்திலிருந்தே ஒலிபரப்ப வேண்டியதாயிற்று. துணைக்கோளுக்கு ஊர் கிடையாது. சுங்கை புளூஸ் ஆற்றில் நீர் ஏறியிருக்கிறது, இன்ன சாலையில் மரம் விழுந்திருக்கிறது, இன்ன கோவிலில் திருவிழா என்பவற்றை ஓர் ஊரின் கோபுரம் தன் மக்களுக்கு மட்டும் சொல்ல முடியும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வானொலி வைத்திருந்தது இரண்டு வீடுகள்தான். மாலை வாழ்த்து நேரத்தில் எங்கள் தோட்டத்தின் பெயர் வந்துவிட்டால் மறுநாள் ரப்பர் பால் எடைக் கொட்டகை வரை அதே பேச்சாக இருக்கும். அந்த உறவை வானத்திலிருந்து விற்க முடியாது என்பது என் கருத்து, இளையவர்கள் மறுக்கலாம்.

விற்றுப் பார்த்தவர்களும் உண்டு. வேர்ல்டுஸ்பேஸ் என்ற நிறுவனம் 1998-இல் ஆப்பிரிக்காவுக்கு ஆப்ரிஸ்டார் கோளையும், 2000-இல் ஆசியாவுக்கு ஆசியாஸ்டார் கோளையும் ஏவியது. ஆசியாஸ்டார் நின்ற இடம் கிழக்குத் தீர்க்கரேகை 105 பாகை. சுங்கை சிப்புட்டிலிருந்து பார்த்தால் ஏறத்தாழ உச்சந்தலைக்கு நேர் மேலே. அமெரிக்கர்களை வாட்டிய கட்டட நிழல் நமக்கு ஒரு பொருட்டே அல்ல; மறைப்பது கூரையும் மரமும்தான். அது பயன்படுத்திய அதிர்வெண் 1,467 முதல் 1,492 மெகாஹெர்ட்ஸ் வரை. மழை அதை அதிகம் பாதிக்காது, ஆனால் நனைந்த இலைக்கூட்டம் உறிஞ்சிவிடும். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர்க்கும் ரப்பர் மரத்தின் அடியில் ஒருவேளை கேட்கலாம். ஆண்டு முழுதும் மட்டை விரித்து நிற்கும் செம்பனையின் அடியில் அரிது. அதன் சந்தாதாரரில் மிகப் பெரும்பாலோர் இந்தியாவில் இருந்தனர். தமிழுக்கும் அதில் தனி அலைவரிசை இருந்தது. நிறுவனம் 2008 அக்டோபரில் கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்புக் கோரியது. 2009 டிசம்பர் 31-உடன் இந்தியச் சேவை நின்றது. சென்னைக்குப் போய்வந்த ஒருவர் விட்டுச்சென்ற அந்தப் பெட்டி ஒன்று என் கடையின் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் இன்றும் விளக்கு எரியும். உள்ளே ஒரு பாகமும் கெடவில்லை. 1960-களின் டிரான்சிஸ்டர் பெட்டியில் ஏஎம் நிலையம் இருக்கும் ஊரில் இன்றும் பாட்டு வரும், இதில் வராது. சந்தா வானொலியின் பெட்டி, நிறுவனம் இருக்கும் வரைதான் வானொலி. ஜப்பானின் மோபாஹோ 2004-இல் தொடங்கி 2009-இல் மூடியது. தென் கொரியாவின் துணைக்கோள் கைப்பேசி ஒளிபரப்பும் 2005 முதல் 2012 வரைதான் ஓடியது.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் வீட்டில் இரண்டு வானொலிகளும் ஏற்கனவே இருக்கக்கூடும் என்பதையும் சொல்ல வேண்டும். கூரையில் துணைக்கோள் தொலைக்காட்சி நிறுவனமான ஆஸ்ட்ரோவின் தட்டு இருந்தால், தொலைக்காட்சி அலைவரிசைகளோடு தமிழ் வானொலியான ராகா உள்ளிட்ட வானொலிகளும் கிழக்கு 91.5 பாகையில் நிற்கும் மீசாட் கோள்களிலிருந்து இறங்குகின்றன. 2012-இல் வந்த ஆஸ்ட்ரோவின் என்ஜோய் பெட்டிக்கு மாதச் சந்தா கூட இல்லை. அது துணைக்கோள் வானொலிதான். தரைவழி இலக்கவியல் தொலைக்காட்சியான மைடிவியின் பெட்டியும் சிறு ஆன்டெனாவும் இருந்தால், தமிழ் வானொலியான மின்னல் எஃப்எம் உள்ளிட்ட ஆர்டிஎம் (அரசு ஒலிபரப்பு நிறுவனம்) வானொலிகள் தரைக்கோபுரத்திலிருந்து இலக்கவியல் முறையில் வருகின்றன. அது உள்ளூர் இலக்கவியல் வானொலிக்கு ஒன்றுவிட்ட தம்பி. தட்டுக்கு வரும் அலையின் அதிர்வெண் 10 கிகாஹெர்ட்ஸுக்கு மேல். அலைநீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. நம் ஊர்ப் பெருமழையின் துளிகள் அதை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால்தான் கனமழையில் படம் உறைகிறது. அதே நேரத்தில் எஃப்எம் ஒன்றும் நடக்காததுபோல் பாடிக்கொண்டிருக்கும். இன்னொன்றையும் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சமையலறையில் எஃப்எம்மையும் கூடத்தில் தட்டு வழியாக அதே நிலையத்தையும் வையுங்கள். கூடத்துப் பாட்டு பின்தங்கி எதிரொலிக்கும். கோளத்துக்கு ஏறி இறங்க ஆவது கால் நொடிதான். மீதித் தாமதம் ஒலியைச் சுருக்கி விரிக்கும் வேலையில் போகிறது. ஆனால் ஒரே திசையை உறுத்து நோக்கும் இந்தத் தட்டை, வளைந்து திரும்பி ஓடும் காரின் கூரையில் கட்ட முடியாது.

அத்தை மகனிடம் சொல்லி அந்தப் பெட்டியை வரவழைக்க வேண்டாம். அதன் நிலைத்த கோள்கள் மேற்கு 85, 115 பாகைகளையொட்டி நிறுத்தப்பட்டவை. நாம் கிழக்கு 101-இல் இருக்கிறோம். அவை நமக்குத் தொடுவானத்துக்கும் கீழே, கிட்டத்தட்ட காலடியில் இருக்கின்றன. எச்.டி. ரேடியோ பெட்டி இங்கே வெறும் எஃப்எம் பெட்டி.

உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு உண்டு. இங்கிலாந்துக் காரின் எஃப்எம் பட்டை நம்முடையதைப் போலவே 87.5 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை. ஜப்பானிலிருந்து வரும் கார்களில் அது 76-இல் தொடங்கி 90 அல்லது 95-இல் முடிந்துவிடுவதால், அவற்றை வாங்கியவர்கள் பட்டையை மாற்றித்தரும் கருவி ஒன்றைத் தனியே மாட்ட வேண்டியிருக்கிறது. ஒரே நிலையம் பேராக்கில் ஓர் அதிர்வெண்ணிலும் பினாங்கு, கெடா பக்கம் வேறொன்றிலும் வரும் என்பதால், நீங்கள் அடிக்கடி ஓடும் வழிகளுக்கான அதிர்வெண்களை வரிசையாகப் பதிந்து வையுங்கள். லிந்தாங் பக்கம் அலை மெலியும் இடங்களில், கைப்பேசியில் ஆர்டிஎம் கிளிக், சியோக் செயலிகளைப் புளூடூத் வழியாகக் கார் வானொலியோடு இணைத்துக் கேட்கலாம். நொடிக்கு 64 கிலோபிட் ஓடும் நிலையம் ஒரு மணி நேரத்துக்கு 29 மெகாபைட்டுக்குள்தான் எடுக்கும். கைப்பேசிக் கோபுரமும் எட்டாத வளைவுகளில் அதுவும் நிற்கும்; அந்தச் சில நிமிடங்களுக்காகப் பாட்டுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். எஃப்எம் பட்டணத்துக்குள்ளேயே இரைந்தால் மட்டும் காரைக் கடைக்குக் கொண்டுவாருங்கள். ஆன்டெனா இணைப்பையும் அதன் பெருக்கியையும் பார்த்துவிடலாம்.